முப்பத்தேழாவது பெயரின் தேதி

புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி

அன்புள்ள பெரியவளுக்கு,

இன்று காலை பதினொன்று பத்துக்கு உன் தங்கையின் பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்ன செய்தி இது: பேச்சுப் போட்டிக் குழு நம் சில்வண்டின் பெயரை நீக்கவில்லை, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும் இறுதிச் சுற்றில் எட்டுப் பேரில் ஐந்தாவதாக அவள் பேசுகிறாள், ஆனால் முழு உரையையும் சான்றுப் படிவத்தையும் நாளை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். குழுவின் கடிதத்தை அவர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார், நான் எழுதிக்கொண்டேன். கடைசி வரியில் தலைமை நடுவர் யார் என்று இருந்தது. அதை வாசிக்கும்போது அவர் குரல் தாழ்ந்தது, என் கையும் எழுதாமல் நின்றது. அந்த மனிதரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உடம்பளவில் நாங்கள் மூவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மனதைப் பற்றி இப்போது கேட்காதே. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேசியபோதே ஏன் சொல்லவில்லை என்பாய். அன்றைக்கு அம்மா உன்னிடம் முழங்கால் வலியைப் பற்றியும் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் இருபது நிமிடம் பேசினாள், நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், உனக்கே ஏதோ தட்டுப்பட்டு, என்னப்பா நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறீங்க என்றாய். ஒரு வாரமாக நாங்கள் தொலைபேசியில் இப்படித்தான் பேசுகிறோம். யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது, அதனால் பேசவில்லை, அவ்வளவுதான். அம்மாவோடு எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் நாளை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார், இன்று மாலை ஆறு மணிக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வார், வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும். உறைக்குள் நான்கு பக்க நகல் இருக்கிறது. அது என்னவென்று முதலில் தெரிந்துகொள், பிறகு பத்திரப்படுத்து.

நகராட்சிப் பூங்காவில் ஆற்றுப் பாலத்துச் சண்டையில் இறந்த நாற்பத்தொரு பேரின் பெயர் பொறித்த கல் இருக்கிறதே, சைக்கிள் பழகும்போது நீ போய் முட்டிக்கொண்டாயே, அந்தக் கல்லின் பேரில் முன்னாள் படைவீரர் சங்கம் ஆறு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. தலைப்பு கிடையாது. ஒரு தகர டப்பாவில் நாற்பத்தொரு சீட்டு, பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், எந்தப் பெயர் வருகிறதோ அந்த மனிதரைப் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும். கல்லில் உள்ள பெயரையும் தேதியையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். எழுத்தில் ஒரு சான்றாவது வேண்டும், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது வேண்டும். சாட்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், தன் பெயர் சொல்லப்படும்போது எழுந்து நிற்க வேண்டும். நல்ல விதிதான், வீட்டில் உட்கார்ந்து வீரம் தீரம் என்று கதை கட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. சில்வண்டு எடுத்த சீட்டில், கல்லில் அகரவரிசையில் முப்பத்தேழாவதாக உள்ள பெயர் இருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இறக்கும்போது வயது முப்பத்தொன்று. கல்லில் எல்லாருக்கும் உள்ளது போல அவருக்கும் பதினான்காம் தேதி.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறார். உன் தங்கை நான்கு சனிக்கிழமை அங்கே போனாள். முதல் இரண்டு வாரம் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பித்தான் தைக்கக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். இவள் வாய் சும்மா இருக்குமா, நீ சில்வண்டு என்று பேர் வைத்தது வீண் போகவில்லை, பேசிப் பேசி அவரைச் சிரிக்க வைத்துவிட்டாள். மூன்றாவது வாரம் அவர் துணி அளவு எழுதும் நோட்டுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கணவர் கடைசியாக எழுதியது, இறந்த செய்தி வந்து ஒன்பது நாள் கழித்துத் தபாலில் வந்திருக்கிறது. மேலே பதினாறாம் தேதி போட்டிருக்கிறது. அவருக்கு எப்பவும் தேதி ஞாபகம் இருக்காது, கல்யாண நாளையே கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாரு என்று அந்த அம்மா சொன்னாராம். இருபத்தெட்டு வருடமாக அவர் கணவரின் கடிதத்தை நம்பவில்லை, கல்லை நம்பினார். சில்வண்டு காகிதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அது போர்முனை ஆஸ்பத்திரியின் மருந்து வழங்கும் படிவம், பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். முன்பக்கத்தில் கிடங்கின் ரப்பர் முத்திரை, அதிலும் பதினாறாம் தேதி. கிடங்குக்காரருக்கும் மறதியாம்மா என்று இவள் கேட்டாளாம். அந்த அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு மெஷின் சக்கரத்தின் மேல் கை வைத்தார். பிறகு கேட்ட கேள்வியை உன் தங்கை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்: அப்படின்னா அவரு ரெண்டு நாள் கூட இருந்திருக்காரு இல்ல, அந்த ரெண்டு நாளை எங்கிட்ட குடுக்காம யாரு வெச்சிருந்தா.

கடிதம் பதினோரு வரி. மெஷினுக்கு பெல்ட் மாற்று, பழையதில் தைத்தால் துணி இழுக்கும் என்று இருக்கிறது. பாலத்துச் சண்டை முடிந்துவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன், அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறேன் என்று இருக்கிறது. எட்டாவது வரி இது: குண்டு முன்னாலேர்ந்து வரல, பின்னாலேர்ந்து வருது, நம்ம ஆளுங்களுக்கு யாராச்சும் சொல்லணும்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த முதல் சுற்றில் அந்த எட்டாவது வரியை உன் தங்கை சொல்லவில்லை, தேதியை மட்டும் சொன்னாள். கல்லில் பதினான்கு, கடிதத்தில் பதினாறு, முத்திரையிலும் பதினாறு, இதில் எது சரி என்று சங்கம் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். யாரும் உடனே கை தட்டவில்லை, பிறகு ஒரு மூலையிலிருந்து தட்டினார்கள், பிறகு எல்லாரும். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானாள். அம்மா மாலையில் ஐஸ்கிரீம் வாங்கிவந்தாள். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

போன புதன்கிழமை காலை பத்தரைக்குச் சாம்பல் நிறக் கார் ஒன்று வாசலில் நின்றது. நான் நூலகத்தில் இருந்தேன், அம்மாவுக்கு அன்று வார விடுப்பு. இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. சங்கத்திலிருந்து வாழ்த்துச் சொல்ல வந்ததாகச் சொல்லி, தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறார். பாப்பா எத்தனை மணிக்கு வரும், எந்த பஸ்ல வரும் என்று கேட்டிருக்கிறார். பஸ் பல இருக்கு என்று அம்மா மழுப்பியிருக்கிறாள். அப்புறம், பெரிய பொண்ணுக்கு அங்க நைட் டியூட்டியா டே டியூட்டியா, தனியா இருக்கிற பொண்ணு, பாத்துக்குங்க என்றாராம். நீ எங்கே இருக்கிறாய் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா, எக்ஸ்ரே எடுக்கறவ வீட்டுக்கே வந்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கறீங்களா, குடிச்சாச்சுன்னா டம்ளரைக் குடுங்க என்று கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாள். நான் வரும்போது அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கார் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சங்க அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். அது பொய்யா மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மெய்யாக இருந்தால் இன்னும் பயம்.

மறுநாள் பேருந்து நடத்துனர் உன் தங்கையிடம், பாப்பா, நீ எந்த ஸ்டாப்ல இறங்குவேன்னு ஒருத்தர் விசாரிச்சாரு, உங்க மாமான்னு சொன்னாரு என்றிருக்கிறார். உன் மாமா பேருந்தில் ஏறிப் பத்து வருடம் இருக்கும். வெள்ளிக்கிழமையிலிருந்து நான் காலையும் மாலையும் அவளோடு போய் வருகிறேன், கூட உட்கார்ந்தால் தோழிகள் கேலி செய்கிறார்கள் என்பதால் இரண்டு இருக்கை தள்ளிப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருகிறேன். அப்பா, நீங்க ஒளிஞ்சிருக்கறது டிரைவருக்குக்கூடத் தெரியுது, பேப்பரைத் தலைகீழா பிடிக்காதீங்க என்கிறாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை, அது அவள் சேர்த்துச் சொல்வது. இன்று காலை பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்தேன், மாலை அம்மா வேலை முடிந்து அந்த வழியாகப் போய் அழைத்து வருகிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

சனிக்கிழமை மாமாவே வந்தார். உனக்குத் தெரியும், படையின் பண்டகசாலையில் இருபது வருடம் போர்வையும் பூட்ஸும் எண்ணிக் கொடுத்தவர், இப்போது சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறார். வந்ததும் வழக்கமான தோரணை. மாப்ள, பேச்சுப் போட்டின்னா என்ன, வீரம்னு நாலு தடவை, தியாகம்னு நாலு தடவை, கடைசியில லேசா தொண்டை கம்மணும், கப்பை வாங்கிட்டு வந்துரணும், இவ என்னடான்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கிட்டிருக்கா என்றார். சில்வண்டு, மாமா நீங்க எண்ணிக் கொடுத்த போர்வையில ரெண்டு குறைஞ்சா சும்மா விட்டிருப்பீங்களா, இது ரெண்டு நாள் குறையுது என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவள் உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. எங்க சங்கத்துக் கர்னல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு மாப்ள, அது நம்ம பழைய நிருபர் பொண்ணுதானேன்னு, சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, அவர் சிரிச்சுக்கிட்டுக் கேட்டா எனக்கு அன்னிக்குச் சோறு இறங்காது என்றார். தேதியை விட்டுவிடச் சொல்லு, அந்த அம்மாவோட மெஷின் பெல்ட்டைப் பத்திப் பேசட்டும், அதுவே எல்லாரையும் அழ வைக்கும், ஜெயிச்சுடுவா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கை வேர்த்திருந்தது. அவரும் பயந்துதான் வந்தார், நம்மை மிரட்ட வரவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அன்றைக்கே நான் உன் தங்கையிடம் கேட்டேன். இதை உனக்கு மறைக்க விரும்பவில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிடம்மா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அப்பா, நீங்க பயப்படறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு, அதுக்காக அந்த அம்மாகிட்ட போய், உங்க ரெண்டு நாள் தொலைஞ்சது தொலைஞ்சதுதான்னு சொல்லணுமா என்றாள். பிறகு தன் உரையின் மூன்றாவது பத்தியை வாசித்துக் காட்டினாள். எழுத்துச் சான்றாக நூலகத்தில் அந்த வருடத்துப் பத்திரிகைக் கோப்பிலிருந்து ஒரு செய்தியை எடுத்திருக்கிறாள். பதினெட்டாம் தேதி வெளிவந்தது, பாலத்துச் சண்டையில் பலி எண்ணிக்கை நாற்பத்தொன்றாக உயர்வு என்று தலைப்பு. அதற்கு முன் வந்த செய்தியில் முப்பத்தெட்டு. இடையில் வந்த அந்த மூன்று பேர் யார், அவர்கள் எந்த நாளில், எப்படி இறந்தார்கள், இந்தச் செய்தியை எழுதியவர் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் முப்பத்தேழாவது பெயரின் தேதி சரியாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாள். எழுதியவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. செய்தியின் மேல் நமது நிருபர் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

பெரியவளே, அந்த நமது நிருபர் நான்தான்.

உறைக்குள் உள்ள நான்கு பக்கமும் என் அந்நாளைய குறிப்பேட்டின் நகல். என் சுருக்கெழுத்தை இப்போது படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால் குறிப்பேட்டிலேயே எதிரே வழக்கமான எழுத்தில் எழுதிவைத்துவிட்டு நகலெடுத்தேன். பதினேழாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்குப் போர்முனை ஆஸ்பத்திரியின் எழுத்தர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூணு பேர், ஆம்புலன்ஸ், நேத்து மத்தியானம், ஷெல் நம்ம பக்கத்துலேர்ந்து என்றார், இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் சில வருடம் கழித்து இறந்துவிட்டார், ஆகவே அந்த ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய ஒரு வாய்ச்சொல்லும் ஓட்டுநரின் எட்டாவது வரியும்தான் உண்டு, அது இன்னும் உறுதியாகவில்லை. தேதி உறுதி. பத்து இருபத்தைந்துக்கு நான் தலைமையகத்தை அழைத்தேன். செய்திகளுக்குப் பொறுப்பான மேஜர் பேசினார். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன், உன் தங்கை நினைப்பது போலக் கேட்காமல் இல்லை. அவர் சொன்னதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்: பதினாலாம் தேதின்னு போடுங்க, எல்லாம் பாலம்தான், மொத்தம் நாற்பத்தொன்னு. அப்புறம், வீட்டுல பெண் குழந்தையாமே, ஜன்னல் பக்கத்துல தொட்டில் போட்டிருக்கீங்களாம், காத்து அடிக்கும், பாத்துக்குங்க.

நீ பிறந்து பதினோரு நாள். தொட்டிலை அம்மா முந்தின நாள் மாலைதான் ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தாள்.

நான் நாற்பத்தொன்று என்று எழுதினேன். பொய் எழுத வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. எண்ணிக்கை கூடினால் முதல் நாள் சம்பவத்தோடு சேர்த்து, உயர்வு என்று தலைப்பு போடுவது எங்கள் செய்தி டெஸ்க்கின் வழக்கம். வழக்கப்படி செய்தேன், அது எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாலு மாதம் கழித்துக் கல் நாட்டியவர்களுக்குத் தலைமையகம் பட்டியல் கொடுக்கத் தாமதித்தது, அவர்கள் எங்கள் பத்திரிகையைப் பார்த்துப் பெயரும் தேதியும் செதுக்கினார்கள். அதன் பிறகு நான் படை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, நகராட்சியும் நீதிமன்றமும்தான், நீங்கள் இருவரும் என்னை அந்த நிருபராகத்தான் அறிவீர்கள். சாக்கடையைப் பற்றி நான் தொடர் எழுதியபோது, வகுப்பில் எல்லாரும் மூக்கைப் பிடிக்கறாங்கப்பா என்று நீ அழுதாய், ஞாபகம் இருக்கிறதா. அன்றைய மேஜர்தான் இன்றைய கர்னல், சனிக்கிழமை தலைமை நடுவர்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடம் அவளுக்கும் தெரியாது, தொட்டிலை அன்றே உள்ளறைக்கு மாற்றியபோது கொசு என்று சொல்லியிருந்தேன். அவள் எழுந்து போய் எல்லா ஜன்னல் கொக்கியையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படத்துல உடைஞ்சு தெரியற எலும்பை உடையலன்னு எழுதச் சொன்னா எனக்குக் கை வராது, உங்களுக்கு எப்படி வந்துச்சு என்றாள்.  பிறகு அவளே, வந்திருக்கும், எனக்கும் வந்திருக்கும், அவ அப்ப இவ்வளவுதான் இருந்தா என்று கையால் அளவு காட்டினாள். சின்னவளிடம் நீங்களே சொல்லுங்கள், மேடையில் அந்த ஆள் வாயால் கேட்கக் கூடாது என்றாள். எனக்கு எதிலும் இல்லாத பயம் அதில்தான் இருந்தது. காரில் வந்தவரைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன். இன்று மதியம் குறிப்பேட்டை அவள் மேஜையில், உரைத் தாள்களின் மேல் வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இப்போது மூன்றே கால். நாலு இருபதுக்கு வந்துவிடுவார்கள். நாலே முக்கால் ஆகியும் வரவில்லையென்றால் நான் கடிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவேன்.

மணி ஐந்தே கால். வந்துவிட்டார்கள். நாலு இருபதுக்கு வரவில்லை, நாலு முப்பத்தெட்டுக்கு வந்தார்கள், பேருந்து தாமதம். அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளங்கையில் துரு ஒட்டியிருக்கிறது.

அவள் பையைக் கழற்றாமலேயே மேஜைக்கு முன் நின்று நான்கு பக்கத்தையும் படித்தாள். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மூன்று கேள்வி கேட்டாள். ஆஸ்பத்திரி எழுத்தர் பேசும்போது போனை எடுத்தது நீங்களேவா. நேரம் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீங்க. மேஜர் சொன்னதை அப்பவே எழுதினீங்களா, வீட்டுக்கு வந்து ஞாபகத்துல எழுதினீங்களா. நானே, அலுவலகச் சுவர்க் கடிகாரம், அப்போதே என்று சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் என்னை இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. பிறகு அவள், அப்ப மூணாவது பத்தியில நான் திட்டிக்கிட்டு இருந்தது உங்களையா என்றாள். ஆமாம் என்றேன். ரெண்டு சீட் தள்ளி உக்காந்துக்கிட்டு வந்தீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல என்றாள்.  தொட்டில் வரியின் மேல் விரலை வைத்து, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

முகம் கழுவிவிட்டு வந்து அந்தப் பத்தியைத் திருத்தினாள். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்பதை அடித்துவிட்டு, கேட்டார், பதிலை எழுதிவைத்தார், வெளியிடவில்லை என்று போட்டாள். சலுகை காட்டவில்லை. ஷெல் பற்றி ஓட்டுநரின் வரியை அப்படியே வாசிப்பேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை என் சொந்தமாகச் சொல்ல மாட்டேன் என்றாள், அது சரி என்றேன். பிறகு சான்றுப் படிவத்தை எடுத்தாள். உயிருள்ள சாட்சிகள் என்ற இடத்தில் முதல் வரியில் தையல்கார அம்மாவின் பெயர் இருந்தது, இரண்டாவது வரி காலி. அதில் எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. பேர் போட்டா எழுந்து நிக்கணும்ப்பா, உக்காந்துக்கிட்டே கையைத் தூக்கினா செல்லாது, அதுதான் ரூல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். அம்மா சீருடைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு என் முழுப் பெயரையும் எழுதினேன்.  அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மை காய்ஞ்சதும் மடிங்க, இழுகிடப் போகுது என்றாள்.

உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். காரில் வந்தவர் கேட்டது உன்னைப் பற்றித்தான், அன்றைக்கு மேஜர் கேட்டதும் உன்னைப் பற்றித்தான், ஆகவே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் உன்னை வந்து சேரும்போது கெடு முடிந்திருக்கும். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள். அடுத்த மாத விடுப்புக்கு இங்கே வர டிக்கெட் போட்டிருந்தால் நான் சொல்லும்வரை கிளம்பாதே. சங்கத்திலிருந்து, பள்ளியிலிருந்து, பத்திரிகையிலிருந்து என்று யார் அழைத்தாலும் உன் டியூட்டி நேரத்தையும் வீட்டையும் பற்றி ஒன்றும் சொல்லாதே, பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதிக்கொள். வேலை முடிந்து தனியாக நடக்காமல் கூட வேலை பார்க்கும் யாருடனாவது சேர்ந்து போ. நகலை வீட்டில் வைக்காதே, ஆஸ்பத்திரியில் உனக்குப் பூட்டுள்ள அலமாரி இருக்கிறது என்றாயே, அதில் வை. அந்த ஜன்னல் ஓரக் கட்டிலையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள். இது அப்பாவின் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, செய்.

இன்னும் முடியாதவை இவை. நாளை காலை பதினொரு மணிக்குத் தையல் கடைக்குப் போகிறேன். அந்த இரண்டு நாளை வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்று அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், அதன் பிறகு என் பக்கத்து நாற்காலியில் அவர் உட்காருவாரா என்று தெரியாது. நாளை மாலை ஐந்துக்குள் தலைமையாசிரியை படிவத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார். குழு அதை ஏற்குமா என்பது வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெரியும். சனிக்கிழமை வரவேற்பு பதினைந்து நிமிடம், அவளுக்கு முன் நான்கு பேர், ஆளுக்கு ஏழு நிமிடம், இடையில் மூன்று நிமிடம். அப்படிப் பார்த்தால் பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் மேடை ஏறுவாள். நாங்கள் ஒத்திகை பார்த்ததில் என் பெயர் நான்காவது நிமிடத்தில் வருகிறது. பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கர்னலின் எதிரே நான் எழுந்து நிற்க வேண்டும். 

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அம்மா உன்னை அழைப்பாள். நான்கு மணி வரை அழைப்பு வரவில்லையென்றால் தலைமையாசிரியையின் எண்ணை உறையின் உட்புறம் எழுதியிருக்கிறேன், அவரைக் கூப்பிடு. அதற்கு முன் எங்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பாதே, எங்கள் மூவரில் ஒருவர் குரலைக் கேட்கும்வரை எதுவும் உறுதியான செய்தி இல்லை.

நீ எல்லா நலனும் பெற்று, பயமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். சில்வண்டு அக்காவுக்கு ஒரு வரி எழுத இடம் விடச் சொன்னாள், விட்டிருக்கிறேன். இப்போது உள்ளறையில் ஏழு நிமிடத்துக்குச் சரியாக வருகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிப் பார்க்கிறாள். என் பெயர் வரும் இடத்தில் இரண்டு முறை நின்றுவிட்டாள், மூன்றாவது முறை நிற்கவில்லை. வாசலில் யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள். ஆறு மணி ஆக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கடிதம் வாங்க வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா

அவர்தான். கொடுத்துவிடுகிறேன்.